கத்திரி வெயிலில் ஒரு சாக்லேட் யாத்திரை

அக்கினி நட்சத்திரம் பிறந்து மூன்றாம் நாள். காலை பத்து மணி. மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தின் மேல்கரையில், ராமகிருஷ்ண மடம் சாலை ஓரமாக, கையில் ஒரு பையுடன் ஆட்டோ வண்டிக்காக நான் நின்றுகொண்டிருந்தேன். பைக்குள் ஈரமில்லாத துண்டு ஒன்று. துண்டுக்குள் எவர்சில்வர் சம்புடம். சம்புடத்துக்குள் நாலு அவுன்ஸ் சாக்லேட்.

வண்டி வந்தது. நான் பையைக் குழந்தையைப் போல் மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்த டிரைவர், "அதில் என்ன சார்?" என்று கேட்டார்.

"சாக்லேட்" என்றேன்.

அவர் முதலில் சூரியனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தியாகராய நகர் போய்ச் சேருவதற்குள் அது பாயசமாகிவிடுமே, சார்!" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். சென்னையில் கத்திரி வெயில் நாளில் நடுப்பகல் உஷ்ணம் 37, 38 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும். 2003-ஆம் வருஷம் மே மாதம் 31-ஆம் தேதி 45 டிகிரி வரையில் ஏறிய ஊர் இது. சாக்லேட்டுக்கு உயிராக இருக்கும் கொக்கோ வெண்ணெயோ சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் அது வாயில் போட்டதும் கரைகிறது. அதனால்தான் மயிலாப்பூர் அலமாரியிலும் கரைகிறது. அப்படியிருக்க, அந்த வஸ்துவைத் தூக்கிக்கொண்டு வெயிலில் மூன்று பேட்டை சுற்றுவதற்கு நான் ஏன் துணிந்தேன் என்பதை நேயர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

என் தகப்பனாருக்கு அந்த வைகாசியில் எண்பது வயது பூர்த்தி. அவர் இருபத்திரண்டு வருஷமாக நீரிழிவுக்காரர். இந்தத் தகவலில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து எடுத்து 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி நம் தேசத்தில் சுமார் பத்துக் கோடி பேர் அவருடைய கூட்டாளிகள். ஆனால் அந்தப் பத்துக் கோடியில் அவரைப் போன்ற பிடிவாதக்காரர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. ஐம்பத்தெட்டாவது வயதில் டாக்டர் "இனிப்பு வேண்டாம்" என்று சொன்ன அன்றே நிறுத்தினார். தீபாவளிக்கு லேகியத்தைக் கூட நகத்தளவு கிள்ளிக்கொண்டு வைத்துவிடுவார். வீட்டில் எல்லோரும் ஜிலேபி தின்னும்போது அவர் எழுந்து வாசல் திண்ணைக்குப் போய் பத்திரிகை படிப்பார். அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் என் மகள்.

"தாத்தாவுக்கு எண்பதாம் பிறந்த நாளைக்கு நான் கேக் செய்யப் போகிறேன். சர்க்கரை இல்லாத கேக். அவரும் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்" என்று அவள் சொன்னபோது, அது வெறும் பலகார விஷயமாக எங்களுக்குத் தோன்றவில்லை. டாக்டரிடம் கேட்டாள். விரற்கடை அளவு துண்டு ஒன்றுக்கு அவர் உத்தரவு கொடுத்தார். பாதாம் மாவு வாங்கினாள். பேரீச்சம்பழம் நாலே நாலு எண்ணி எடுத்து வைத்தாள். கடைசியில் ரெஃப்ரிஜிரேட்டரின் அடித்தட்டிலிருந்து, இரண்டு வருஷத்துக்கு முன் அமெரிக்காவிலிருந்து வந்த உறவுப் பெண் கொடுத்துவிட்டுப் போன சாக்லேட் கட்டியை வெளியே எடுத்தாள். சர்க்கரை ஒரு குன்றிமணி கூடச் சேராத, கொக்கோ மட்டுமே ஆன, சமையலுக்கென்றே வார்த்த கசப்புக் கட்டி அது.

காகிதத்தைப் பிரித்தவள் "ஐயோ!" என்றாள். கட்டியின் மேல் முழுவதும் சாம்பல் பூசினாற்போல் வெள்ளை பூத்திருந்தது.

அம்மா எட்டிப் பார்த்து, "பூசணம்" என்று தீர்ப்புச் சொன்னாள். என் மனைவி உறையைத் திருப்பிப் பார்த்து, "தேதி மூன்று வாரம் தாண்டிவிட்டது" என்றாள். சத்தம் கேட்டு வந்த அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தேதியை இரண்டு தரம் வாசித்தார். அவர் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் தணிக்கை செய்தவர். தேதி தவறிய வவுச்சரை அவர் பாஸ் செய்ததாகச் சரித்திரம் கிடையாது. "வேண்டாம் அம்மா, எனக்காகச் சிரமப்படாதே" என்று பேத்தியின் தலையைத் தடவிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். குழந்தையின் கண்ணில் ஜலம் வந்துவிட்டது.

புதிதாக ஒன்று வாங்கினால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் சொன்னேன். அதற்காகத்தான் முதலில் தியாகராய நகருக்குப் புறப்பட்டேன். பழைய கட்டியையும் சம்புடத்தில் போட்டு எடுத்துக்கொண்டதற்குக் காரணம், கெட்டுப்போனதா இல்லையா என்று தெரியாமல் ஒரு பண்டத்தைக் குப்பையில் எறிவதற்கு எங்கள் அம்மா வளர்த்த கை கூசும் என்பதுதான். மேலும் இந்தக் காலத்தில் கொக்கோ லேசான சரக்கல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குறைந்து 2024-இல் உலகச் சந்தையில் டன் ஒன்று பதினாயிரம் டாலரைத் தாண்டிப் போன பண்டம் அது.

தியாகராய நகர் இருக்கும் இடம் ஒரு காலத்தில் ஏரி. மயிலாப்பூருக்கு மேற்கே நீண்டு கிடந்த அந்த நெடிய ஏரியை 1920-களில் வற்றச் செய்து மனை போட்டார்கள். ஸர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரை வைத்தார்கள். இன்று பாண்டி பஜாரில் நடப்பவனுக்கு ஏரியின் குளிர்ச்சி ஒரு துளியும் மிச்சமில்லை. பட்டுப் புடவையும் பாத்திரமும் நகையும் தேடி வந்த ஜனசமுத்திரத்தின் மூச்சுக் காற்றுத்தான் உண்டு. அந்தக் கூட்டத்தை நீந்திக் கடந்து, சந்து ஒன்றில் கேக் சாமான்கள் விற்கும் கடையைக் கண்டுபிடித்தேன்.

"சர்க்கரை இல்லாத சாக்லேட் வேண்டும்" என்றேன். கடைக்காரர் மூன்று கட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். மூன்றும் கறுப்பு. மூன்றும் பார்வைக்கு அண்ணன் தம்பி. ஆனால் உறையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தபோதுதான் மூன்றும் வேறு வேறு ஜாதி என்று புலப்பட்டது.

முதற்கட்டியில் 'சர்க்கரை இல்லை' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. உள்ளே சர்க்கரைக்குப் பதில் மால்டிடால் என்னும் சரக்கு. அது தித்திக்கும்; சர்க்கரையைப் போல் அவ்வளவு வேகமாக ரத்தத்தில் ஏறாது; ஆனால் ஏறவே ஏறாது என்று நினைத்துவிடக் கூடாது. கொஞ்சம் தாராளமாகச் சாப்பிட்டால் வயிற்றையும் ஒரு கை பார்த்துவிடும். இரண்டாவது, காம்பவுண்டு என்று வியாபாரிகள் சொல்லும் தினுசு. அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு. நம் ஊர் வெயிலை அது கொஞ்சம் தாங்கும், விலையும் சரஸம், ஆகையால் பிறந்த நாள் கேக்குகளில் பெரும்பாலும் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. நான் பார்த்த கட்டியில் முதற்பெயரே சர்க்கரைதான்! மூன்றாவது மட்டும் நூற்றுக்கு நூறு கொக்கோ. சர்க்கரையும் இல்லை, சர்க்கரை வேஷம் போட்ட சரக்கும் இல்லை. 'சர்க்கரை சேராதது' வேறு, 'சர்க்கரை இல்லாமல் தித்திப்பது' வேறு என்ற இந்த வித்தியாசம் நீரிழிவுக்காரர் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. கடைக்காரர் என்னிடம் முதலில் நீட்டியது, எதிர்பார்க்கக் கூடியபடி, இரண்டாவது கட்டியைத்தான்.

மூன்றாவதை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி அலமாரியில், எரியும் விளக்குக்குக் கீழே நாள்பட உட்கார்ந்திருந்ததால் அதன் ஓரத்திலும் அதே வெள்ளை! உறையின் கண்ணாடிக் காகிதத்து வழியாகவே தெரிந்தது. தேதியோ இன்னும் எட்டு மாதம் இருந்தது.

"இது வெளுத்திருக்கிறதே?" என்றேன்.

"அதனால் ஒன்றுமில்லை சார், அது இயல்பு" என்றார் கடைக்காரர்.

என் சம்புடத்தைத் திறந்து காட்டினேன். "இது?"

"இது பழசு சார், தூக்கிப் போட்டுவிடுங்கள்" என்றார்.

தன் கடையில் இருந்தால் இயல்பு, என் சம்புடத்தில் இருந்தால் பழசு! இந்த நியாயம் எனக்குப் புரியவில்லை. விற்கிறவரிடம் தீர்ப்புக் கேட்பது தப்பு. செய்கிறவரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றிற்று. நந்தனம் வழியாகக் கோட்டூர்புரம் பாலத்தைத் தாண்டி அடையாறு காந்தி நகருக்கு வண்டியை விடச் சொன்னேன்.

பாலத்தின்மேல் வரும்போது மணி பன்னிரண்டே முக்கால். கடற்காற்று அப்போதுதான் எட்டிப் பார்த்தது. மத்தியான்னத்தில் கடலிலிருந்து எழுந்து வந்து இந்த ஊரைக் காப்பாற்றும் அந்தக் காற்றுக்கு அடையாற்றுக்காரர்கள் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். ஆனால் அது குளிர்ச்சியோடு கூட ஈரத்தையும் உப்பையும் கொண்டுவருகிறது. பெஸன்ட் நகர்ப் பக்கத்து வீடுகளில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதும், சுவர் உப்புப் பூப்பதும், வடாம் நமுத்துப்போவதும் அந்தக் காற்றின் கைங்கரியமே. உஷ்ணம் ஒரு பக்கம், ஈரம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் சாக்லேட் எங்கே பிழைப்பது?

காந்தி நகர்க் குறுக்குத் தெரு ஒன்றில், எனக்கு முன்பே பழக்கமான சின்ன ரொட்டிக் கிடங்கு இருக்கிறது. அங்கே அடுப்படியை ஆளுகிற மாஸ்டர் தென்காசிக்காரர். முப்பது வருஷமாக மாவோடும் வெண்ணெயோடும் மல்யுத்தம் செய்தவர். சம்புடத்தை அவரிடம் கொடுத்தேன். அவர் கட்டியைக் கையில் வாங்காமல், முதலில் சம்புடத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோனார். புன்சிரிப்புச் சிரித்தார்.

"வீட்டில் அம்மா ரெஃப்ரிஜிரேட்டரில் மல்லிகைப்பூ வைக்கிறார்களா, சார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிப் பூவை வாங்கிக் குளிர்ப்பெட்டியில் வைக்காத வீடு எது? "எப்படித் தெரிந்தது?" என்றேன்.

"மேலுறையில் லேசாக மல்லிகை இருக்கிறது. நல்ல வேளை, உள்ளே ஈயக் காகிதம் இறுக்கமாக இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் கேக்கைத் தின்பதற்குப் பதில் தலையில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மல்லிகையாவது போகட்டும், பெருங்காயமாக இருந்தால் என்ன செய்வீர்கள்?"

வேடிக்கைப் பேச்சென்று நினைக்க வேண்டாம். கொழுப்பு, வாசனையைக் குடிக்கும் வஸ்து. பிரான்ஸ் தேசத்துக் கிராஸ் நகரத்தில் பழைய நாளில் அத்தர் செய்பவர்கள் கொழுப்புத் தடவிய கண்ணாடிப் பலகையின்மேல் மல்லிகையைப் பரப்பி வைப்பார்களாம். நாள்தோறும் புதுப்பூ மாற்றிக்கொண்டே வந்தால் பூவின் மணம் முழுவதும் கொழுப்பில் இறங்கிவிடும். கசப்புச் சாக்லேட்டில் ஏறக்குறையப் பாதி கொக்கோ வெண்ணெய். அதைச் சாம்பார்ப்பொடிக்கும் பூச்சரத்துக்கும் நடுவில் திறந்து வைப்பவர்கள், தம்மை அறியாமல் அந்தக் கிராஸ் நகரத்துத் தொழிலை நடத்துகிறார்கள்.

பிறகு மாஸ்டர் கட்டியின் வெள்ளைமேல் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாகத் தேய்த்தார். இரண்டு நிமிஷத்தில் அந்த இடம் கண்ணாடி போல் கறுத்துப் பளபளத்தது. விரலில் மினுமினுப்பு.

"பூசணம் இல்லை, சார். வெண்ணெய்தான் மேலே வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் நெய் காய்ச்சினால் ஒரு நாள் மணல் மணலாக உறைகிறது, ஒரு நாள் மெழுகு போல் உறைகிறது இல்லையா? ஆறின விதம் வேறு, அவ்வளவுதான். இதுவும் அப்படி."

இந்த உபமானத்தைக் கேட்டதும் எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாக உறையக் கூடியது என்கிறார்கள் சாஸ்திரக்காரர்கள். தொழிற்சாலையில் பக்குவமாகச் சூடாக்கி, ஆற்றி, மறுபடி இளஞ்சூட்டில் வைத்து, அந்த ஆறில் ஐந்தாவது விதமாக அதை உறையச் செய்கிறார்கள். அப்போதுதான் பளபளப்பும், 'டக்'கென்று ஒடியும் குணமும் வரும். அது ஒரு தரம் உருகித் தானாக மறுபடி இறுகினால் பக்குவம் குலைந்துபோகிறது. வெண்ணெய் மெல்ல மேலே கசிந்து வெள்ளையாகப் பூக்கிறது. எங்கள் கட்டி மே மாதத்தில் விமானத்திலிருந்து இறங்கி, பெட்டிக்குள் உருகி, வீட்டுக்கு வந்தவுடன் குளிர்ப்பெட்டியில் திணிக்கப்பட்டது. வெள்ளைக்குக் காரணம் இரண்டு வருஷத்து வயதல்ல. முதல் நாள் மத்தியான்னம்.

"சர்க்கரை போட்ட சாக்லேட்டாக இருந்தால் இன்னொரு வெள்ளையும் உண்டு" என்றார் மாஸ்டர். "ஈரம் பட்டால் மேலே இருக்கிற சர்க்கரை கரையும், ஈரம் காய்ந்ததும் பொரபொரவென்று நிற்கும். விரல் வைத்தால் அது போகாது. உங்களுடையதில் சர்க்கரையே கிடையாது. அதனால் அந்தச் சந்தேகமே வேண்டாம். இதில் வெள்ளை என்றால் வெண்ணெய். பஞ்சு மாதிரி மயிர் மயிராக எழும்பியிருந்தால் மட்டும் பூசணம். தண்ணீர் பட்டாலொழிய அதற்கு வழியில்லை. சிலந்தி நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் பூச்சி. இந்த இரண்டுக்கும் மன்னிப்பு இல்லை. அப்படியே எறிந்துவிட வேண்டும்."

அடுத்தது மூக்கு. கட்டியின் மூலையை ஒடித்து, ஒடிந்த முகத்தை முகர்ந்தார். என்னையும் முகரச் சொன்னார். வறுத்த காப்பிக்கொட்டை, கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் மண்வாசனை. "பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தால் ஒரு சிக்கு வாடை வருமே, அது இருக்கிறதா?" இல்லை. "அது இருந்தால் தேதி மிச்சம் இருந்தாலும் ஆகாது." கடைசியில் ஒரு கடுகளவு நாக்கில் வைத்துக் கரையவிட்டார். கசப்பு இருக்க வேண்டும். காறல் இருக்கக் கூடாது. அவருடைய முகம் சுளித்ததைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். "கசப்பு சார், வேறொன்றுமில்லை. நல்ல சரக்கு" என்றார்.

தேதி விஷயத்தையும் கேட்டேன். உறையில் இருந்தது 'இதற்குள் உபயோகித்தால் சிறப்பு' என்னும் தேதி. 'இதற்கு மேல் உண்ணாதே' என்பது வேறு தேதி. முன்னது, செய்தவர்கள் தங்கள் சரக்கின் ருசிக்கு ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு. பின்னது, உண்பவன் உடம்புக்கு விடுக்கும் எச்சரிக்கை. ஈரம் மிகக் குறைவாகவும், எளிதில் கெடாத கொழுப்பு மிகுதியாகவும் உள்ள கசப்புச் சாக்லேட், சரியாக வைத்திருந்தால் இரண்டு வருஷம் தாராளமாக நிற்கும். அதற்கப்புறம் ஒரு நாளில் விஷமாகிவிடாது. பாலும் முந்திரியும் சேர்ந்த தினுசுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவை சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும்.

மாஸ்டரின் ஊர் தென்காசி என்றேன் அல்லவா? அவர் அறியாத ஒரு செய்தியை நான் அவருக்குச் சொல்ல முடிந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். இந்தியாவில் கொக்கோச் செடியை முதன்முதல் நட்ட இடம் அவருடைய ஊருக்குப் பக்கத்துக் குற்றாலமே. 1798-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அருவிச் சாரலில் அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். பயிர் அப்போது வியாபாரமாகப் பரவவில்லை. வயநாட்டில் 1965-இல் மறுபடி முயன்ற பிறகே அது வேரூன்றிற்று. இப்போது பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் நிழற்பயிராகக் காய்த்துத் தொங்குகிறது. ஆந்திர தேசத்தில் இன்னும் அதிகம். "எங்கள் ஊரிலா!" என்று மாஸ்டர் இரண்டு தரம் கேட்டார். பிறகு கட்டியை மிக மரியாதையாகச் சம்புடத்தில் வைத்தார்.

வண்டி டிரைவருக்குள் இதற்குள் சாக்லேட்டின் மேல் ஒரு பாசமே ஏற்பட்டுவிட்டது. "பாஸாயிற்றா சார்?" என்று விசாரித்தார். ஆயிற்று என்றதும், நேரே வீட்டுக்குப் போகாமல் சாந்தோம் வழியாகக் கடற்கரைச் சாலைக்கு விடச் சொன்னேன். மாஸ்டர் சொன்ன பாதுகாப்பு முறையைக் கேட்டபோது என் மனத்தில் ஒரு கட்டிடம் வந்து நின்றது. அதைப் பார்த்துவிட்டுப் போக ஆசை.

திருவல்லிக்கேணி எல்லையில், கடலைப் பார்த்தபடி வளைந்த முகப்போடு நிற்கிற விவேகானந்தர் இல்லத்தைத்தான் சொல்கிறேன். 1897-இல் சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பி வந்து ஒன்பது நாள் தங்கிய மாளிகை. அதற்கும் முந்திய அதன் ஜாதகம்தான் நமக்கு இங்கே வேண்டியது. ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் ஜனங்கள் சொல்கிறார்கள் அல்லவா? அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறையும்போது அந்தப் பனிக்கட்டியை அறுத்து, கப்பலில் ஏற்றி, பூமத்தியரேகையைத் தாண்டிக் கொண்டுவந்து, பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி 1842-இல் இங்கே கட்டிய கிடங்கில் சேமித்தார். மாதக்கணக்கான பிரயாணம். சென்னை வெயில். அப்படியிருந்தும் கட்டி கட்டியாகப் பனிக்கட்டி இங்கே இருந்தது. துரைமார்கள் கோப்பையில் மிதந்தது. மரத்தூள் பொதிந்து, கனத்த சுவர் எழுப்பி, காற்றை உள்ளே விடாமல் வைத்ததே அதன் ரகசியம்.

அதே பாஸ்டனின் ஒரு பகுதியான டார்செஸ்டரில்தான் 1765-இல் அமெரிக்கர்களுடைய பேர்பெற்ற சாக்லேட் ஆலை தொடங்கிற்று. அதை நடத்திய குடும்பத்துக்குப் பேக்கர் என்று பெயர். சமையல் சாக்லேட்டை 'பேக்கர்ஸ் சாக்லேட்' என்று சொல்வது, ரொட்டி சுடுகிறவர்கள் உபயோகிப்பதால் என்றே நான் வெகு நாளாக நினைத்திருந்தேன். அது வெறும் குடும்பப் பெயர்! நம் ஊர் ஐயர் ஓட்டல் மாதிரி.

மாஸ்டர் சொன்ன முறையும் அந்தப் பழைய ஐஸ் கிடங்கின் முறைதான். சாக்லேட்டுக்குப் பிடித்தது பதினைந்திலிருந்து பதினெட்டு டிகிரி வரை. வறட்சியான, இருட்டான இடம். அப்படி ஓர் இடம் சென்னையில் மார்கழியிலும் கிடையாது. அப்போதும் இரவு உஷ்ணம் சாதாரணமாக இருபது, இருபத்தொன்றை ஒட்டியே நிற்கும். ஆகவே குளிர்ப்பெட்டியைத் தவிர வேறு கதியில்லை. ஆனால் கட்டியை ஈயக் காகிதத்தில் இறுகச் சுற்றி, காற்றுப் புகாத சம்புடத்தில் அடைத்து, கதவுப் பக்கத்தில் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். எடுக்கும்போதுதான் முக்கால்வாசிப் பேர் தப்புச் செய்கிறார்கள். குளிர்ந்த கட்டியை அவசரப்பட்டுத் திறந்தால், அடையாற்றுக் காற்றிலுள்ள ஈரமெல்லாம் அதன்மேல் வியர்வையாக இறங்கும். சம்புடத்தை மூடியபடியே வெளியே வைத்து, அறையின் சூட்டுக்கு அது வந்த பிறகே திறக்க வேண்டும். வியர்ப்பது சம்புடமாக இருக்கட்டும், சாக்லேட்டாக வேண்டாம். உருக்கும்போதும் ஒரு சொட்டு ஜலம் விழக் கூடாது. விழுந்தால் கட்டி தட்டிக் களிமண்ணாகிவிடும்.

இதோடு என் சொந்த யோசனை ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையும். சமையலறை அலமாரியில் எண்ணெய்ப் புட்டி காலையும் மாலையும் உறைந்தே நின்றால், சாக்லேட்டும் அன்று வெளியே இருக்கலாம். எண்ணெய் தளதளவென்று இருந்தால் சாக்லேட் உள்ளே போகட்டும். இந்தக் கணக்குப்படி மயிலாப்பூரில் வருஷத்தில் சில நாட்கள்தான் அதற்கு வெளியுலக வாசம் என்பது வேறு விஷயம்.

வீட்டுக்குத் திரும்பியபோது மணி நாலு. அப்பா திண்ணையில் இருந்தார். சம்புடத்தையும் உறையையும் அவர் முன் வைத்து, விரல் வைத்த கதை, நெய்க் கதை, இரண்டு தேதிக் கதை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உறையை வாங்கி ஆங்கில வாசகத்தை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். "சிறப்பு என்றுதான் போட்டிருக்கிறான், கூடாது என்று போடவில்லை" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பிறகு கட்டியின்மேல் தம்முடைய விரலை வைத்துத் தேய்த்தார். வெள்ளை மறைந்து கறுப்புத் தெரிந்ததும், பேத்தியைக் கூப்பிட்டார்.

"எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டப் போகிறாய்?"

வைகாசியில் நல்ல நாள் பார்த்து ஹோமம், கலசாபிஷேகம் எல்லாம் முறைப்படி நடந்தன. சாயங்காலம் கேக் வந்தது. இலையில் எல்லோருக்கும் இனிப்பு இருந்தது. அவருக்கு விரற்கடை அளவு கறுப்புத் துண்டு. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் திண்ணைக்கு எழுந்து போகாமல் எங்களோடு உட்கார்ந்திருந்தார். முழுத் துண்டையும் மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். என் மகள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படித் தாத்தா இருக்கிறது?"

"கசக்கிறது" என்றார் அப்பா. தட்டில் இருந்த தூளையும் விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டு, "பாட்டியிடம் சொல்லி அரை டம்ளர் காப்பி கொண்டுவா, சர்க்கரை வேண்டாம்" என்றார்.

அம்மா காப்பி கலக்கப் போனவள், மிச்சக் கட்டியைச் சம்புடத்தில் போட்டு மூடி, மேலே காகிதம் ஒட்டித் தேதி எழுதினாள். குளிர்ப்பெட்டியைத் திறந்து மல்லிகைச் சரத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் சம்புடத்தை உள்ளே தள்ளினாள்.